கொங்குப் பிள்ளைகளுக்கு மக்கள் தொல்லியல்: லண்டனா, புனேயா, தஞ்சாவூரா?

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் வரலாறோ தமிழோ படித்து முடிக்கிறவர்களில் தொல்லியல் பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குத் தோண்டுவது மட்டும் போதாது. கிடைத்ததை ஊராரோடு எப்படிப் பகிர்வது, ஊரார் கையில் இருக்கிற இடத்தை அவர்களை வைத்தே எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கிறார்கள். மக்கள் தொல்லியல் இந்தக் கேள்விகளைத்தான் படிக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் பேச்சாகி, பிறகு பிரிட்டனில் தனிப் பாடமாக வளர்ந்தது. முதுகலை அளவில் இதைப் படிக்க விரும்பும் கொங்குப் பிள்ளைக்கு முன்னால் இருக்கும் வழிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலில், இங்கே இதற்கு என்ன வேலை இருக்கிறது என்று பார்ப்போம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கும் கொடுமணல்தான் சங்க நூலான பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் என்று கருதப்படுகிறது. 1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு தொடங்கியது. பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டின. இரும்பு உருக்கிய உலை, பச்சைக்கல்லும் பளிங்கும் சூதுபவளமும் அறுத்து மணி செய்த தடயம், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடு எல்லாம் வெளியே வந்தன. ஆனால் கொங்கில் பழங்காலப் புதைகுழிகளைச் சுற்றிக் கல் அடுக்கிய கல்வட்டங்கள் எத்தனையோ இன்னும் பட்டா நிலத்துக்குள், தென்னந்தோப்புக்கும் சோளக்காட்டுக்கும் நடுவில் கிடக்கின்றன. காட்டை, அதாவது விளைநிலத்தை, சமன் செய்ய ஜேசிபி வந்தால் ஒரே காலையில் ஒரு ஈமக்காடு காணாமல் போய்விடும். தோட்டக்காரரிடம் கேட்டால், "வெளிய தெரிஞ்சா கெவருமெண்டுக்காரங்க காட்ட எடுத்துக்குவாங்களே" என்பார். அந்தப் பயத்துக்கு யாரும் உட்கார்ந்து பதில் சொன்னதில்லை. பதில் சொல்லத் தெரிந்த தொல்லியலாளர்கள்தான் நமக்கு வேண்டும். என் அலசல் முழுக்க இந்த அளவுகோலை வைத்துத்தான்.

லண்டனில் யுசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) பல்கலைக்கழகத்தின் தொல்லியல் நிறுவனம் இந்தத் துறையின் தாய்வீடு மாதிரி. 1937-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் முன்னின்று தொடங்கிய நிறுவனம் அது. 1945-இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டியவரும் அவர்தான். அங்கே மக்கள் தொல்லியலுக்கென்றே தனி எம்.ஏ. உண்டு. முழுநேரமாகப் படித்தால் ஒரே ஆண்டு, கடைசியில் ஆய்வேடு. அருங்காட்சியகம் யாருக்காகப் பேசுகிறது, பழம்பொருள் யாருக்குச் சொந்தம், ஊடகமும் அரசியலும் கடந்த காலத்தை எப்படிக் கையாளுகின்றன என்பதெல்லாம் விவாதமாகவே நடக்கும். கோட்பாட்டு வாசிப்பு, எழுத்துப் பயிற்சி இரண்டிலும் இதற்கு ஈடான பாடம் நம் பக்கம் இல்லை என்பதைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்தப் பாடம் நிற்கிற மண் வேறு. இங்கிலாந்தில் 1990-க்குப் பிறகு, கட்டடம் கட்டுகிறவரே தொல்லியல் ஆய்வுக்கும் பணம் தர வேண்டும் என்ற நடைமுறை திட்ட அனுமதியோடு சேர்ந்துவிட்டது. தனியார் அகழாய்வு நிறுவனங்கள் பெருகியதும், ஊர்மக்களோடு பேசுவது ஒரு சம்பள வேலையானதும் பெரும்பாலும் அதனால்தான். மண்ணுக்குள் உலோகம் இருப்பதைக் காட்டும் கருவியோடு வயலில் நடக்கிறவர் தனக்குக் கிடைத்த நாணயத்தைப் பதிவு செய்ய 1997-லிருந்து ஓர் அரசு ஏற்பாடும் இருக்கிறது. நம்மிடம் இருப்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரவும் அதில் வழி இருக்கிறது. ரோமானிய நாணயக் குவியல்கள் கிடைத்த வெள்ளலூரிலோ, அமராவதி ஆற்று மணலில் பழங்காசு பொறுக்கும் கரூரிலோ இதை எத்தனை பேருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? லண்டனில் படித்துவிட்டு வருகிறவர் அங்கே கற்ற தீர்வை அப்படியே இங்கே நட முடியாது. சரியாகக் கேள்வி கேட்கும் பழக்கத்தை மட்டும்தான் கொண்டுவர முடியும். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்கு விலை அதிகம்.

வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம், லண்டன் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் முப்பது லட்சத்துக்குக் கீழே வரவே வராது. காட்டை அடமானம் வைத்து இந்தப் படிப்புக்குப் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திரும்பி வந்தால் அந்தக் கடனை அடைக்கிற சம்பளம் இந்தத் துறையில் இல்லை. உதவித்தொகையோடு போகலாம். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகை கேட்பவருக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்த பிறகு இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். இந்தத் துறைக்கு அந்த நிபந்தனை நல்லதுதான். பட்டியலினப் பிள்ளைகள் உள்ளிட்டோருக்கான மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகையில் 2022-இல் ஒரு விதி சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு சார்ந்த படிப்புகளுக்கு அது கிடையாது என்றார்கள். நம் ஊர்த் தொல்லியலைப் படிக்க நினைக்கும் தலித் மாணவருக்கு நேராகக் கதவடைக்கிற விதி அது. எனக்கு இன்னும் ஆறவில்லை. விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளைக் கட்டாயம் படித்துவிட வேண்டும்.

புனேயின் டெக்கான் கல்லூரி வேறு வகை. தொல்லியலாளர் எச்.டி. சங்காலியா வளர்த்த இடம். விதை, எலும்பு, உலோகம் என்று எதை எடுத்தாலும் ஆய்வகத்தில் வைத்துப் படிக்கலாம். ஊர் ஊராக நடந்து களஆய்வு செய்யும் பழக்கம் அங்கே ஊறிப்போனது. மக்கள் தொல்லியல் என்று தனிப் பட்டம் இல்லை. ஆனால் அங்கே முனைவர் பட்டம் பெற்ற சாந்தி பப்பு சென்னையில் தொடங்கிய சர்மா மையம், சென்னைக்குப் பக்கத்தில் அதிரம்பாக்கம் என்ற பழைய கற்கால இடத்தில் செய்யும் ஆய்வோடு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொல்லியல் சொல்லித் தந்து வருகிறது. அறிவியல் அடித்தளம் உறுதியாக இருந்தால் மக்களிடம் பேசுவதும் உறுதியாக இருக்கும் என்பதற்கு இது போதும். குறை என்றால், தமிழ்க் கல்வெட்டு அங்கே கைவராது.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல், தொல்லியல் துறையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொன்மை வரலாறு, தொல்லியல் துறையும் நமக்குப் பக்கத்தில் இருப்பவை. செலவு ஆயிரங்களில் முடிந்துவிடும். தஞ்சாவூரைக் கொங்குக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். கொடுமணலைத் தொடங்கிய பல்கலைக்கழகமே கோவைப் பக்கம் மோளப்பாளையத்தில் புதிய கற்காலக் குடியிருப்பையும் தோண்டியது. அரச்சலூர் மலையில் இருக்கும் தமிழி இசைக் கல்வெட்டையும், புகளூரில் மூன்று தலைமுறைச் சேரர் பெயர் சொல்லும் கல்வெட்டையும் தானே வாசித்துக் காட்டுகிறவரை ஊர் நம்பும். ஈரோட்டுப் புலவர் செ. இராசு அப்படித்தான் கொங்கு முழுக்கச் சுற்றி, ஊராரிடமிருந்தே செப்பேடும் ஓலையும் கல்வெட்டுச் செய்தியும் திரட்டினார். பட்டத்தின் பெயரில் இல்லாவிட்டாலும் அவர் செய்தது மக்கள் தொல்லியல்தான். இந்தத் துறைகளில் இல்லாதது ஒன்று உண்டு. ஊராரோடு பேசுவது, காட்சிப்படுத்துவது, நிலச் சட்டம் போன்றவை முறையான பாடமாக இல்லை. மாணவர் தானாகத் தேடிக் கற்க வேண்டியிருக்கிறது.

அரசு வேலையே குறி என்றால் மாநிலத் தொல்லியல் துறையின் முதுநிலைப் பட்டயம் நேர்வழி, மாத உதவித்தொகையும் உண்டு. கிரேட்டர் நொய்டாவில் மத்தியத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயத்துக்கு 2020-இல் வந்த அறிவிப்பில் செம்மொழித் தகுதிப் பட்டியலில் தமிழே இல்லை. தமிழ்நாடு குரல் எழுப்பிய பிறகுதான் சேர்த்தார்கள். இரண்டிலும் அகழாய்வுப் பயிற்சி நன்றாக இருக்கும், மக்கள் பக்கம் குறைவு.

என் முடிவு இது. முதல் முதுகலையைத் தஞ்சையிலோ சென்னையிலோ செய்யுங்கள்; ஆய்வகப் பக்கம் ஆர்வம் இருந்தால் புனே. ஆய்வேட்டுக்குச் சொந்த வட்டாரத்தையே எடுங்கள். நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய பிறகு நொய்யல் கரை உழவர்கள் எந்தத் துறை அதிகாரி வந்தாலும் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. பக்கத்திலேயே கொடுமணல் இருக்கும்போது அந்தச் சந்தேகத்தையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் இரண்டு மூன்று ஆண்டு களத்தில் வேலை செய்துவிட்டு, உதவித்தொகை கிடைத்தால் லண்டன் போங்கள். அப்போது அங்கே நடக்கும் விவாதத்துக்குள் கொண்டுபோக உங்களிடம் ஒரு ஊர் இருக்கும். நேராக லண்டன் போவது, ஏற்கெனவே அகழாய்விலோ அருங்காட்சியகத்திலோ வேலை செய்தவருக்கு மட்டும் பொருந்தும்.

எங்கே சேர்ந்தாலும், சேரும் முன்பு துறையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு பருவமாவது முழுக்கக் களத்தில் இருக்க விடுவார்களா, ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாமா. தமிழில் எழுதினால் காட்டுக்காரரே வாங்கிப் படிப்பார்.