கிடுக்கிப்பிடிக்குக் கடிவாளம் எங்கே: கைப்பிடியிலா, நுனியிலா?

சிறு துளை வழியே செய்யும் அறுவையில் குடலைப் பிடிக்கும் இடுக்கி நழுவவும் கூடாது, நசுக்கவும் கூடாது. நீண்ட குழாயின் ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனையில் தாடை; இடையே ஓடும் கேபிளை இழுத்தால் தாடை மூடும். மருத்துவர் எவ்வளவு அழுத்தினாலும் விசை ஓர் எல்லையில் நிற்க வேண்டும்.

மலிவான வழி, கைப்பிடிக்குள் கேபிளோடு தொடராக ஒரு ஸ்பிரிங். அதை முன்கூட்டியே அழுத்திப் பூட்டினால், குறித்த விசை வரும்வரை அசையாது, தாண்டினால் விட்டுக்கொடுக்கும். அப்படிச் செய்யாமல் வெறும் ஸ்பிரிங்கைப் போட்டால் பிடி தொடக்கத்திலிருந்தே கொழகொழவென்று இருக்கும்.

விறைப்பான குழாய்க்கு இது போதும். வளையும் குழாயில்தான் வம்பு. வளைவுதோறும் கேபிள் உறையில் உரசி இழுவிசையை இழக்கிறது. எஸ் வடிவில் இரண்டு 90 பாகை வளைவு, உராய்வுக் கெழு 0.15 என்று வையுங்கள்: 100 நியூட்டனில் இழுத்தால் நுனிக்குச் சேர்வது சுமார் 62. எதிரெதிர் வளைவுகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை. வளைவு எந்தப் பக்கம் என்று உராய்வுக்குத் தெரியாது. "வளைந்தால் பிடி போதவில்லை" என்று ஸ்பிரிங்கை முறுக்குவது அபாயம். வளைந்த நிலையில் பிடித்து ராட்செட்டை (கைப்பிடியை மூடிய நிலையிலேயே நிறுத்தும் பற்பூட்டு) பூட்டிவிட்டு, கருவியைப் பின்னிழுக்கும்போது குழாய் நிமிரும்; யாரும் கைப்பிடியைத் தொடாமலே பிடி இறுகும்.

அறுவை ரோபோவில் மோட்டார் மின்னோட்டத்தை வரம்பிடுவதற்கும் இதே நோய்தான். கூடவே பற்சக்கர உராய்வும் சேரும். எல்லையை மென்பொருளில் மாற்றலாம் என்பது மட்டும் லாபம்.

வளைவுகளைக் கடந்து, தாடைக்கு அருகே நெகிழும் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் உலோகக்கலவை) துண்டு வைத்தால் உராய்வுப் பிரச்சினை விலகும். குறிப்பிட்ட தகைவுக்கு (பரப்பளவுக்கான விசை) மேல் அது விசையை அதிகம் ஏற்றாமல் நீளும். ஆனால் அந்தத் தகைவு வெப்பத்தோடு ஏறும். அறை வெப்பத்தில் அளந்த கருவி உடலுக்குள் கூடுதலாகக் கடிக்கும். 5 மில்லிமீட்டர் குழாயில் இடமும் குறைவு.

நுனியில் சென்சார் வைப்பது துல்லியம், ஆனால் கிருமிநீக்கும் 134 பாகை செல்சியஸ் நீராவியில் திரிபளவியை (வளைவை மின்சைகையாக்கும் ஒட்டுச் சென்சார்) ஒட்டும் பசை தாங்க வேண்டும். ஒளியிழைச் சென்சாருக்கு மின்கத்தியின் (மின்சாரத்தால் திசுவை வெட்டும் கருவி) மின் இரைச்சல் உறைக்காது, விலைதான் உறைக்கும்.

கையால் இயக்கும் கருவிக்கு என் தேர்வு, குழாய் நேராக இருக்கும்போது அளவு வைத்த கைப்பிடி ஸ்பிரிங். வளைவில் பிடி குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம், தாடையை அகலமாக்கி ஈடுகட்டலாம். அப்போதும் திசு கீலுக்கு அருகே சிக்கினால் நெம்புகோல் கணக்கு மாறி அழுத்தம் கூடும். அதை எந்த ஸ்பிரிங்கும் அறியாது. ஊசி பிடிக்கும் கருவிக்கு இந்தத் தாழ்ந்த எல்லை ஒத்துவராது: அங்கே பிடி தளர்ந்தால் ஊசி சுழன்றுவிடும்.