மேடையா, திரையா? நடிப்பும் எழுத்தும் விரும்பும் புதுச்சேரிப் பெண்களுக்கு

பயிற்சி: மேடைக்கு ஊரை விட்டுப் போக வேண்டாம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை, ஆரோவில் பக்கம் ஆதிசக்தி நாடக மையம். திரைக்குப் பெரும்பாலும் சென்னைதான்.

வருமானம்: திரையில் கூடுதல், அழைப்பு வந்தால். நாடகப் பணம் பல நேரம் பஸ் செலவுக்கே சரியாகிவிடும்.

குரல்: மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். கேமரா முன் அதே குரல் மிகையாகிவிடும். இமை அசைந்தாலே போதும்.

எழுத்து: இதில் மேடைக்கு ஈடே இல்லை. ஒத்திகையில் வாயில் ஒட்டாத வசனத்தை அன்றே மாற்றலாம், அரங்கேறிய பிறகும் திருத்தலாம். படத்தில் எடிட்டிங் முடிந்தால் முடிந்ததுதான். 1922-இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளும் நடிகராக மேடையேறி, நாடகாசிரியராக உயர்ந்தவர்தான்.

எழுதும் ஆசை பெரிதென்றால் மேடை. குடும்பத்துக்கு உடனே பணம் வேண்டுமென்றால் சின்னத்திரையை முதலில் முயலுங்கள், அப்புறம் நாடகத்துக்கு வரலாம்.