ஆம்ப் ஆன் ஆகவில்லையா? மீட்டரோடு ஒரு ஹெட்லைட் பல்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்

முன்சீட்டுக்கு அடியில் நாலு சேனல் ஆம்ப் (ஸ்டீரியோவின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையர்), டிக்கியில் அடித்தொனிக்கென்றே பத்து இஞ்ச் சப்வூஃபர், முன்கதவுகளில் நல்ல ஸ்பீக்கர். சில வருஷங்களாக என் காரில் ஓடுவது இந்த செட்தான். சத்தத்தில் எனக்குக் குறையே இல்லை. நாகர்கோவில் நாற்கரச் சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாகஸ்வரம் கேட்டால் தவில் அடி நெஞ்சில் விழும். தொந்தரவு என்று வந்ததெல்லாம் ஒன்றுதான்: ஆம்ப் திடீரென்று ஆன் ஆகாது. ஒவ்வொரு தடவையும் ஆம்ப் நன்றாகத்தான் இருந்தது, கோளாறு வெளியேதான்.

ஆம்ப் உயிர் பெற மூன்று வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக வரும் 12 வோல்ட் ப்ளஸ், கார் பாடியில் முறுக்கிய எர்த், ஸ்டீரியோவை ஆன் செய்ததும் 12 வோல்ட் வந்து ஆம்பை எழுப்பிவிடும் ரிமோட் வயர். இந்த மூன்றையும் பார்க்காமல் யாராவது ஆம்பைக் குறை சொன்னால் நம்பாதீர்கள்.

மாமியார் வீடு உவரி. அங்கே போனால் வண்டி கடலைப் பார்த்தபடியேதான் நிற்கும். ஒருமுறை திரும்பி வந்த பிறகு ஆம்பில் விளக்கே எரியவில்லை. காட்டிய கடையில், “ஆம்ப் போயிட்டு அண்ணாச்சி, புதுசு போட்டுருவோம்” என்றார்கள், வயரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தால் ப்ளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 12.4 வோல்ட், ரிமோட்டிலும் சரியாக வருகிறது. அப்புறம் ஏன் எரியவில்லை?

வண்ணார்பேட்டையில் எனக்குப் பழக்கமான வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் வழி சொன்னார். “சும்மா பாத்தா தெரியாது அண்ணாச்சி, லோடு குடுத்துப் பாருங்க” என்று பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து நீட்டினார். டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால் துருவேறிய இணைப்பு வழியாகக்கூட முழு வோல்ட் காட்டிவிடும். 60 வாட் பல்போ ஐந்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆம்ப் வரை வரும் ப்ளஸ் வயரில் பல்பின் ஒரு முனை, பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் மறுமுனை என்று வைத்தோம். பளிச்சென்று எரிந்தது, ஆக ப்ளஸ் வயரில் குறையில்லை. மறுமுனையை மட்டும் ஆம்பின் எர்த் வயருக்கு மாற்றினோம். பல்பு மங்கிவிட்டது.

எர்த் போல்ட்டைக் கழற்றினால் லக்குக்கு (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) அடியில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு. அதற்கும் கீழே பெயின்ட் சுரண்டப்படாமல் அப்படியே இருந்தது. செம்பும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புக்காற்று பட்டால் அரிப்பு சீக்கிரம் பிடிக்கும். உப்புத்தாளால் தகரம் மின்னும்வரை தேய்த்து, புது லக், பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவியதும் ஆம்ப் எரிந்தது.

அடுத்தது ரிமோட் கோளாறு, ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டிய பிறகு வந்தது. ரேடியோ வைத்தால் பாடும், ப்ளூடூத்துக்கு மாற்றினால் ஆம்ப் அணைந்துவிடும். ஸ்டீரியோவில் வெறும் நீல வயர் பெரும்பாலும் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டதுதான் ஆம்புக்கு. மாட்டியவர் முதலாவதில் கொடுத்திருந்தார். சில ஸ்டீரியோக்களில் ஆன்டெனா வயரில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் கரண்ட் வரும். சந்தேகம் வந்தால், ஆம்பின் ப்ளஸ் டெர்மினலிலிருந்து ரிமோட் டெர்மினலுக்கு ஒரு துண்டு வயரை ஒரு நொடி வைத்துப் பாருங்கள், அது எர்த்தில் மட்டும் பட்டுவிடக் கூடாது. ஆம்ப் எரிந்தால் கோளாறு ஸ்டீரியோ பக்கம்தான்.

சாரல் சீசனில் குற்றாலம் போய் ஈரக் காலோடு ஏறினால் சீட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கும். அதனால் இப்போது ஆம்பை ஒரு ப்ளைவுட் துண்டின் மேல் தூக்கி வைத்திருக்கிறேன். கத்திரி வெயிலில் நிறுத்திய வண்டியை எடுத்ததும் சத்தமாக வைத்தால் சூட்டில் அணைவதும் உண்டு. ஆறினால் தானே வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

ஃபியூஸ் விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் சமரசம் வேண்டாம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். வயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஆம்பியர் போடுவதும், ஃபாயில் சுற்றுவதும் வண்டியையே கொளுத்தும் வேலை.

சிவப்பு ப்ரொடெக்ட் விளக்கு எரிந்தால் அது வேறு கதை. கரண்ட் உள்ளே போகிறது, ஆம்ப்தான் தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் வயர், ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயர் எல்லாவற்றையும் உருவிவிட்டு ஆன் செய்யுங்கள். விளக்கு பச்சைக்கு மாறினால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள், எதை மாட்டும்போது சிவப்பாகிறதோ அங்கே கோளாறு. எதுவுமே மாட்டாதபோதும் சிவப்பு நின்றாலோ, போட்ட ஃபியூஸ் உடனே போனாலோ, உள்ளே பவர் சப்ளை மாஸ்ஃபெட் (கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகியிருக்கலாம். அப்போது ஆம்பைக் கழற்றி, போர்டைத் திறந்து வேலை பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.