24,000 ரூபாய் வாங்கிட்டு 27017 போர்ட்டைத் திறந்தே விட்டுட்டாங்க

நேத்து காலைல கடையைத் திறந்து ஆப்பைப் பார்த்தா ஒரு கஸ்டமர் பேர்கூட இல்ல. ஆறு வருஷமா எடுத்த ப்ளவுஸ் அளவு, அட்வான்ஸ் கணக்கு, டெலிவரி தேதி, எல்லாம் போச்சு. டேட்டாபேஸ்ல ஒரே ஒரு குறிப்புதான் கிடக்குது: பிட்காயின் அனுப்பினா திருப்பித் தர்றாங்களாம்.

சர்வரைப் பாதுகாத்துத் தர்றோம்னு ஆன்லைன்ல விளம்பரம் பண்ற ஒரு பராமரிப்பு சர்வீஸுக்கு வருஷத்துக்கு 24,000 கட்டியிருந்தேன். மே மாசம் வீடியோ காலில், என் கண் முன்னாலேயே, உபுண்டு போட்ட எங்க சர்வர்ல வெளியாளைத் தடுக்கற யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை ஆன் பண்ணினான் அந்த சர்வீஸ் பையன். "பாருங்க மேடம், 22, 80, 443 மூணு போர்ட்தான் திறந்திருக்கு, மத்ததெல்லாம் மூடியாச்சு." போர்ட்னா சர்வருக்குள்ள வர்ற, எண் போட்ட வாசல் மாதிரி. திரையிலும் அப்படித்தான் இருந்தது. சும்மா ஓடிட்டிருந்த பிரிண்டர் சர்வீஸைக்கூடத் தேடி நிறுத்தினான். இவ்வளவு பார்த்துச் செய்றானேன்னு நம்பி, அந்தக் கால் முடியறதுக்குள்ள மீதிப் பணத்தையும் அனுப்பிட்டேன்.

எங்க டேட்டாபேஸ் மாங்கோடிபி. அது டாக்கர்ல, அதாவது புரோகிராமைத் தனிப் பெட்டி மாதிரி பிரிச்சு ஓட்டற மென்பொருள்ல ஓடுது. டாக்கர் ஒரு போர்ட்டை வெளியே விட்டா சர்வரோட ஃபயர்வால் விதிகள் இருக்கற ஐபிடேபிள்ஸ்ல தன் விதியைத் தானே எழுதிக்கும், யூஎஃப்டபிள்யூ தடை அங்கே செல்லாது. மாங்கோடிபியோட 27017 போர்ட் பாஸ்வேர்டுகூட இல்லாம உலகத்துக்கே திறந்து கிடந்திருக்கு. ராத்திரி உட்கார்ந்து இதைக் கண்டுபிடிச்சது என் அக்கா பையன். 2017 ஜனவரியிலேயே இப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோ டேட்டாபேஸை அழிச்சுட்டுப் பணம் கேட்டிருக்காங்க. இதையே தொழிலா வெச்சு 24,000 வாங்கினவங்களுக்கு இது தெரியாதா?

போன் பண்ணினா "டிக்கெட் போடுங்க மேடம்." போட்டேன். மூணு மணி நேரம் கழிச்சு, "டாக்கர் உங்க அப்ளிகேஷன் சைடு, எங்க பொறுப்பு இல்ல." பேக்கப்? "அது வேற பிளான்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் 'தீர்க்கப்பட்டது'ன்னு போட்டு டிக்கெட்டை மூடிட்டாங்க. ஆவணி முகூர்த்தத்துக்கு 43 ப்ளவுஸ் தைக்கணும். ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு, மறுபடி அளவு கொடுக்க வாங்கன்னு கெஞ்சிட்டிருக்கேன்.

போர்ட் மூடறதைப் பத்தி விரிவா எழுதத்தான் நினைச்சேன், இப்போ முடியலை. சர்வருக்குள்ள இருந்து காட்டறதை நம்பாதீங்க. வெளியே வேற நெட்ல இருந்து திறந்த போர்ட்டைத் தேடற என்மேப் டூலைப் போட்டு 65,535 போர்ட்டையும் பாருங்க. டாக்கர்ல டேட்டாபேஸ் போர்ட்டை 127.0.0.1-க்கு மட்டும் கொடுங்க, அது அந்த சர்வருக்குள்ள இருந்து மட்டும் எட்டற முகவரி. பேக்கப் யார் பொறுப்புன்னு எழுத்துல வாங்குங்க. பிட்காயின் கட்டாதீங்க, கட்டியும் டேட்டா வராதவங்க இருக்காங்க. 24,000 முழுசையும் என்னை மாதிரி முன்னாடியே தூக்கிக் கொடுத்துடாதீங்க.

சைபர் குற்ற உதவி எண் 1930-ல புகார் கொடுத்தாச்சு. கஸ்டமர் வந்துட்டாங்க, அளவு எடுக்கணும்.