கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே: 12, 18, 24 மணி நேரத்தில் எதை நம்புவது?

அந்தமான் பயணம் என்றால் பெரும்பாலானோர் விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, ஸ்கூபா நாட்களை அதற்குள் திணிக்கிறார்கள். கணக்கு இடிப்பது கடைசி நாளில்தான். ஹேவ்லாக்கில் பிற்பகல் 3 மணிக்குக் கடைசி டைவை முடித்து மேலே வந்தவர், மறுநாள் காலை 9 மணிக்குப் போர்ட் பிளேரிலிருந்து சென்னை விமானம் ஏறலாமா? டைவுக்குப் பின் விமானம் ஏறும் முன் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதற்கு 12, 18, 24 மணி நேரம் என்று மூன்று விதிகள் புழங்குகின்றன. 18 மணி நேர விதிப்படி ஏறலாம். 24 மணி நேர விதிப்படி கூடாது. நான் 24-இன் பக்கம். மற்ற இரண்டையும் தப்பு என்று சொல்லவில்லை. அவை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதுதான் கேள்வி.

காத்திருக்கவே வேண்டுமா என்பதில் பெரிய விவாதம் இல்லை. 18 மீட்டர் ஆழத்தில் உடம்பைச் சுற்றி 2.8 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் மூச்சிழுத்த நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து நிற்கும். மேலே வந்த பிறகு மெதுவாகத்தான் வெளியேறும். விமானக் கேபினில் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக, அதாவது தரைமட்ட அழுத்தத்தின் முக்கால் பங்கு வரைக்கும், இறங்கலாம். மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாகலாம். ஏற்கெனவே சத்தமில்லாமல் இருக்கும் குமிழி மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். அதனால் வரும் நோய்தான் பெண்ட்ஸ்.

12 மணி நேரம் என்பது ஒரே ஒரு டைவுக்கு, அதுவும் மேலே வரும் வழியில் கட்டாய டிகம்ப்ரெஷன் நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற நடுவில் நின்று காத்திருப்பது) தேவைப்படாத டைவுக்கு மட்டும் சொல்லப்பட்டது. பயிற்றுநர் கையைப் பிடித்து ஒரே முறை ஆழமில்லாத இடத்தில் இறக்கிக் காட்டும் அறிமுக டைவ் இதில் அடங்கும். காலையில் படகில் போய் இரண்டு டேங்க், அதாவது இரண்டு டைவ், முடித்தவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். "ஒரே படகுப் பயணம்தானே" என்று நினைப்பவர்கள் வழுக்குவது இங்கேதான். எண்ண வேண்டியது படகை அல்ல, டைவை. முகமூடி, ஸ்நார்க்கல் மட்டும் போட்டு நீர்மட்டத்தில் மிதந்தவருக்கு எந்தக் காத்திருப்பும் இல்லை.

18 மணி நேரம், ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் அல்லது பல நாள் தொடர் டைவ் செய்தவர்களுக்கு. 2002-இல் டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் கூட்டிய கருத்தரங்கில் முடிவானது இது. பயிற்சி நிறுவனங்கள் பாடத்தில் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். பின்னணியில் உறுதியான வேலை இருக்கிறது: 1992 முதல் 1999 வரை டியூக் பல்கலைக்கழகத்தில் தன்னார்வலர்களை அழுத்த அறையில் 'டைவ்' செய்யவைத்து, வெவ்வேறு இடைவெளிக்குப் பிறகு 8,000 அடிக்குச் சமமான 'விமானத்தில்' நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். 802 சோதனைகளில் 40 பேருக்கு அறிகுறி வந்தது. இடைவெளி கூடக் கூட ஆபத்து குறைந்தது. ஆனால் அவர்கள் ஈரமில்லாத அறையில், ஓய்வாக இருந்தவர்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தவில்லை, குளிரில் நடுங்கவில்லை, டேங்க்கைத் தூக்கிக்கொண்டு படகின் ஏணியில் ஏறவில்லை. அதனால் 18 என்பதைக் குறைந்தபட்சம் என்றுதான் படிக்க வேண்டும், இலக்காக அல்ல.

24 மணி நேரம் பழைய, எளிய விதி. அமெரிக்க விமானப் படை தன் ஆட்களுக்கு இன்றும் இதையே வைத்திருக்கிறது. நைட்ரஜன் கணக்கும் இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. உடம்பில் நைட்ரஜன் ஏறி இறங்குவதைக் கணிக்கும் பூல்மான் முறையில் மிக மெதுவான திசுப் பிரிவின் அரைக் காலம், அதாவது கூடுதல் நைட்ரஜன் பாதியாகக் குறையும் நேரம், 635 நிமிடம். அதில் ஏறிய கூடுதல் நைட்ரஜனில் 12 மணி நேரம் கழித்து சுமார் 46 சதவீதம் மிஞ்சும், 18-இல் 31, 24-இல் 21. இந்தப் பிரிவுகள் கணிதத்துக்காக வகுத்தவை, எந்த உறுப்பையும் குறிப்பவை அல்ல. ஒரே டைவில் இந்த மெதுவான பிரிவு அதிகம் நிரம்புவதும் இல்லை. நாலைந்து நாள் தொடர்ந்து இறங்கினால் நிரம்பும்.

ஆனாலும் என் முடிவு இந்தச் சதவீதத்தை நம்பி எடுத்ததல்ல. 24-ஐ நான் பிடித்துக்கொள்ளும் காரணம் வேறு: ஏற்கெனவே வந்துவிட்ட பெண்ட்ஸைத் தரையிலேயே கண்டுபிடிக்க அது நேரம் தருகிறது. அமெரிக்கக் கடற்படையின் டைவிங் கையேட்டுக் கணக்குப்படி, பெண்ட்ஸ் வந்தவர்களில், மேலே வந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் 42 சதவீதம் பேருக்கும், 3 மணி நேரத்துக்குள் 60 சதவீதம் பேருக்கும், 8 மணி நேரத்துக்குள் 83 சதவீதம் பேருக்கும், 24 மணி நேரத்துக்குள் 98 சதவீதம் பேருக்கும் அறிகுறி தெரிந்துவிடுகிறது. சிக்கல் அறிகுறி தாமதமாக வருவதில் இல்லை. அதை நாம் ஏற்றுக்கொள்ளாததில் இருக்கிறது. தோள்பட்டையில் மந்தமான வலி என்றால் டேங்க் தூக்கியது. கை மரத்துப்போனால் ஒருக்களித்துப் படுத்தது. காரணமில்லாத அசதி என்றால் வெயில். எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கைவசம் இருக்கும்.

இப்போது அந்த 3 மணி, 9 மணிக் கணக்கை மறுபடி பாருங்கள். 18 மணி நேரத்தில் எட்டு மணி நேரம் தூக்கம். விடிந்ததும் பெட்டி கட்டி விமான நிலையம், வரிசை, பாதுகாப்புச் சோதனை. உடம்பைக் கவனிக்க நிஜமாகக் கிடைப்பது முந்தைய நாள் மாலை ஒன்றுதான். 24 என்றால் விழித்திருக்கும் ஒரு முழுக் காலை கையில் இருக்கும். இரவில் இருந்த தோள் வலி காலையிலும் அப்படியே நின்றால் போக வேண்டியது செக்-இன் கவுன்ட்டருக்கு அல்ல, மருத்துவரிடம். ஆக்சிஜனும் மருத்துவமனையும் தரையில்தான் கைக்கெட்டும். ஏறிய பிறகு சென்னை வரைக்கும் கீழே இருப்பது வங்காள விரிகுடா மட்டும்.

செலவு என்ன என்றால், அந்தமானில் பெரிதாக ஒன்றுமில்லை. ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்குப் பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். கடல் மோசமானால் அது ரத்தாகும். ஆகவே விமானத்துக்கு முந்தைய இரவே போர்ட் பிளேருக்கு வந்துவிடுவது எப்படியும் நல்லது. கடைசி டைவ் நாளில் காலைப் படகோடு நிறுத்திக்கொண்டு, பிற்பகல் கப்பலைப் பிடித்து, மறுநாள் மதியத்துக்கு மேல் விமானம் போட்டால் 24 தானாக வந்துவிடும். காலை விமானம்தான் கிடைத்தது, இடைவெளி 21 மணி நேரம் என்றால்? டைவ்கள் ஆழமில்லாமலும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்திருந்தால் நானே மறுக்கமாட்டேன். ஐந்து நாள் தொடர்ந்து இறங்கியவருக்கு மறுப்பேன். நேரத்தை எண்ண வேண்டியது கடைசி டைவில் நீர்மட்டத்துக்கு வந்த நிமிடத்திலிருந்து. படகு கரை சேர்ந்ததிலிருந்து எண்ணினாலும் கெடுதல் இல்லை. முடிவது விமானம் கிளம்பும் நேரம். நேரம் முன்னுக்கு மாற்றப்பட்டதா என்று முந்தைய நாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கையில் கட்டிக்கொண்டு இறங்கும் டைவ் கம்ப்யூட்டரில், இன்னும் பறக்கக் கூடாது என்று காட்ட வரும் விமானச் சின்னம் நாலாவது வழி. சில மாடல்கள் உங்கள் டைவைக் கணக்கிட்டு நேரம் காட்டும். சில, டைவ் எப்படி இருந்தாலும் நிலையான மணி நேரத்தை வைக்கும். சிலவற்றில் அந்த வசதியே இல்லை. வாடகைக் கம்ப்யூட்டர் என்றால் நேற்றைய டைவில் அது வேறொருவர் கையில் இருந்திருக்கலாம். உங்கள் முந்தைய நாட்களை அது அறியாது. அது காட்டுவது விதியைவிட அதிகமாக இருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

நைட்ராக்ஸில், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்றுக் கலவையில், இறங்கினால் நைட்ரஜன் குறைவாக ஏறும், உண்மைதான். ஆனால் அதற்காகக் காத்திருப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். கட்டாய டிகம்ப்ரெஷன் நிறுத்தம் செய்த டைவுகளுக்கு 2002 பரிந்துரை துல்லிய எண்ணே தரவில்லை. '18-ஐவிடக் கணிசமாக அதிகம்' என்று நிறுத்திக்கொண்டது, ஏனென்றால் சோதனைத் தரவு அந்த அளவுக்கு இல்லை. அங்கே 24-ஐக்கூட நான் தரையாகத்தான் வைப்பேன், கூரையாக அல்ல.

விமானம் இல்லாமலும் இதே ஆபத்து வரும். இந்தப் பரிந்துரைகள் 600 மீட்டருக்கு மேலான உயரத்தையே கணக்கில் வைக்கின்றன. புதுச்சேரியில் காலையில் டைவ் செய்துவிட்டு அன்று இரவே காரில் கொடைக்கானல் ஏறினால், 2,100 மீட்டரில், கேபினுக்குக் கொஞ்சம்தான் குறைவான உயரத்தில், படுத்துத் தூங்குகிறீர்கள். ஊட்டி இன்னும் உயரம். திருகோணமலையில் இறங்கிவிட்டு நுவரெலியா போகிறவர்களுக்கும் இதுவே கணக்கு. மாலத்தீவின் கடல் விமானங்களில் கேபினுக்கு அழுத்தம் ஏற்றுவதில்லை. பறக்கும் உயரம்தான் உங்கள் உயரம். மலைப் பயணத்தைத் திட்டத்தின் முன்பகுதிக்கு மாற்றி, டைவைப் பின்னால் வைத்து, ஊர் திரும்பும் முன் ஒரு நாள் விட்டால் இவை எல்லாமே ஒரே ஏற்பாட்டில் சரியாகிவிடும்.