'60 நாள் பழக்கியாச்சு' என்று குதிரையைத் திருப்பித் தந்தால், ஏறிப் பார்க்காமல் பாக்கியைக் கட்டாதீர்கள்

டெக்சாஸ் பக்கம் இளங்குதிரையைப் பழக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு. ஒரு குதிரையின் கதை இது: காயடித்த குவார்ட்டர் ஹார்ஸ் (அமெரிக்கக் குதிரை இனம்), இரண்டரை வயது. வாரம் ஐந்து நாள் ஏறி ஓட்டுவதாகப் பேச்சு; பயிற்சியாளர் பணத்தை முழுக்க வாங்கியாயிற்று. வந்து சேர்ந்த குதிரையைப் பார்த்தால், ஏறி ஓட்டியதைவிடக் கட்டிப்போட்டதுதான் அதிகம் என்று தெரிகிறது. கேட்டால், "குதிரையோட குணமே அப்படி" என்கிறார் பயிற்சியாளர்.

இடது கடிவாள வாரை லேசாக இழுத்தால் தலை திரும்பி மூக்கு அங்கவடியைத் தொடுகிறது. வீடியோவில் பார்ப்பவருக்கு நன்றாகப் பழகிய குதிரை என்றே தோன்றும். ஆனால் உடம்பு நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது. வலது தோள் வெளியே தள்ளுகிறது, பின்கால் விலகுவதே இல்லை. தலையைச் சேணத்தோடு பக்கவாட்டில் கட்டி, வட்டப் பட்டிக்குள் மணிக்கணக்கில் விட்டால் இப்படித்தான் ஆகும். கழுத்தை மடக்கினால் போதும், இழுவை தளர்ந்துவிடும் என்று அது கற்றுக்கொள்கிறது. மிரண்டு ஓடும் குதிரையை ஒற்றை வாரால் நிறுத்துவது பின்கால் குறுக்கே விலகினால்தான் பலிக்கும். இது தலையை உங்கள் முழங்காலருகே வைத்துக்கொண்டே ஓடும்.

கடைவாயில் புண் தழும்பு இருக்கிறதா, முன்கால் இடுக்கில் வயிற்று வார் உராய்ந்த காயம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓநாய்ப் பல்லை (கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் முளைக்கும் சிறு பல்) பார்க்காமலே வாயில் கடிவாள இரும்பை மாட்டுகிறவர்களும் உண்டு; அந்தப் பல்லில் இரும்பு இடித்தால் குதிரை தலையை உதறத்தான் செய்யும்.

ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: எந்த நாள் ஏறினார், எவ்வளவு நேரம், என்ன செய்தார் என்ற குறிப்பு வாராவாரம் வர வேண்டும். சொல்லாமல் போய்ப் பாருங்கள். நீங்கள் போகும்போதே சேணம் போட்டு, வியர்வையோடு நின்றால் ஓடவிட்டுக் களைக்க வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிடுங்கள். பட்டியிலிருந்து அவரே உங்கள் கண்முன் பிடித்துவர வேண்டும். வயிற்று வாரை ஒரே இழுப்பில் இறுக்கக் கூடாது. மூன்று தடவையாக, நடுநடுவே சில எட்டு நடக்கவிட்டு இறுக்க வேண்டும். அவர் ஏறி இரண்டு பக்கமும் நடை, ஓட்டம், நிறுத்தம், பின்நடை காட்டிய பிறகு நீங்கள் ஏறுங்கள். தலை தொங்கி, இமை சொருகி, ஆண்குதிரைக்குக் குறி வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் மயக்க மருந்தோ என்று சந்தேகப்படலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மாதத்துக்குள் மந்தையிலிருந்து மாடு பிரிக்கும் குதிரை ஆக்கித் தருகிறேன் என்பவர் வாசலையே மிதிக்க வேண்டாம்.

கெட்டுப்போனதைத் தரையிலிருந்துதான் சரிசெய்ய வேண்டும். இரும்பைக் கழற்றிவிட்டுத் தலைக்கயிறு மட்டும், ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். பின்கால் குறுக்கே ஓர் எட்டு வைத்த கணமே கயிற்றைத் தளர்த்துங்கள். தலை மட்டும் திரும்பினால் தளர்த்தாதீர்கள்.