தண்டர்பேர்டில் காணாமல் போகும் மெயில் எழுத்துகள்: நீண்ட நாள் அனுபவம்

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு துணி மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். 2011 முதல் கடையின் மெயில் எல்லாம் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில்தான். ஈரோட்டிலிருந்து விலைப்பட்டியல், சூரத்திலிருந்து சரக்கு விவரம் எல்லாம் அதில்தான் வரும். இத்தனை ஆண்டில் என்னை அதிகம் அலைக்கழித்தது, வந்த மெயிலில் எழுத்தே தெரியாமல் போவதுதான்.

போன வருடம் ஒருநாள் கடைத் தம்பி கூப்பிட்டான். "அண்ணே, மெயில் காலியா இருக்கு. திரும்ப அனுப்பச் சொல்லட்டா?"

போய்ப் பார்த்தேன். அனுப்பியவர் பெயர் இருந்தது, தலைப்பு இருந்தது, கீழே முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு கிளிக் செய்துவிட்டு கண்ட்ரோலையும் ஏ-யையும் சேர்த்து அழுத்தினேன். நீலப் பட்டை விரிந்தது. அதற்குள் துணி ரகம், மீட்டர் விலை, கட்டு எண்ணிக்கை என அத்தனையும் வரிசையாக நின்றன. தம்பி "அட!" என்றான்.

கண்ட்ரோல் யு அழுத்தினால் மெயிலின் மூல வரிகள் தெரியும். எழுத்தின் நிறம் என்ற இடத்தில் ஆறு எஃப் இருந்தது, அதாவது வெள்ளை. அனுப்பியவர்கள் கருநீலப் படம் ஒன்றைப் பின்னணியாக வைத்து, அதன் மேல் வெள்ளையில் எழுதியிருக்கிறார்கள். படம் மெயிலுக்குள் இல்லை, அவர்கள் சர்வரில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் படங்களைத் தண்டர்பேர்டு தானாகவே தடுத்து வைக்கும். படம் வராததால் வெள்ளைமேல் வெள்ளை ஆகிவிட்டது.

அதற்காக அந்தத் தடுப்பை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். படம் இறங்கும்போதே, மெயிலை எப்போது திறந்தோம் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த ஆள் என்றால் மேலே வரும் மஞ்சள் பட்டையில் அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் படத்தை அனுமதிக்கலாம். தெரியாத ஆள் என்றால், ஆல்ட் அழுத்தி மெனுவை வரவழைத்து, வியூவில் 'மெசேஜ் பாடி ஆஸ்' போய் 'பிளெய்ன் டெக்ஸ்ட்' வைத்துப் படியுங்கள். நிறம், அலங்காரம் எல்லாம் போய் எழுத்து மட்டும் நிற்கும். என் கம்ப்யூட்டரில் நான் பல வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். சில மெயில்களில் எழுத்துப் பகுதி என்று ஒப்புக்கு ஒரு வரிதான் இருக்கும். அப்போது மட்டும் பழையபடி 'ஒரிஜினல் எச்டிஎம்எல்', அதாவது அலங்காரத்தோடு காட்டும் முறைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

2025-இல் வந்த 140-ஆம் பதிப்பில் மெயிலின் உள்ளடக்கத்தையும் கறுப்புப் பின்னணியில் காட்டும் வசதி சேர்ந்தது. எழுத்து மங்கித் தெரிந்தால் மெயில் தலைப்புப் பகுதியிலேயே அதற்கான பொத்தான் இருக்கிறது, தட்டினால் சரியாகிவிடும். படிக்கும் பகுதியே மொத்தமாக மறைந்துவிட்டால் எஃப்8 அழுத்துங்கள். கீபோர்டைத் துடைக்கும்போது கைபட்டு மறைந்திருக்கும்.

இன்னொரு விதமும் உண்டு. ஒரு மாலை இடியில் கடை மின்சாரம் நின்று கம்ப்யூட்டர் அணைந்தது. மறுநாள் சில மெயில்களைத் திறந்தால் வேறு மெயிலின் பாதி வந்தது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. பிளெய்ன் டெக்ஸ்டிலும் அதே கதை, கண்ட்ரோல் ஏ-க்கும் எதுவும் சிக்கவில்லை. மெயில்கள் ஒரு கோப்பில் இருக்கும்; எது எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு, எம்எஸ்எஃப் என்று முடியும் இன்னொரு கோப்பில் இருக்கும். கெட்டது அந்தக் குறிப்புதான். ஃபோல்டர்மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், 'ரிப்பேர் ஃபோல்டர்' என்று போனேன். எங்கள் பெட்டி பெரியது, கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்கு முன், மெயில்களும் அமைப்புகளும் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்தேன், நீங்களும் எடுங்கள்.

அப்புறம், முதலாளியின் 2003-ஆம் ஆண்டுத் தமிழ் மெயில்கள். பழைய மென்பொருளிலிருந்து கொண்டுவந்தவை. திறந்தால் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தன. யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதியவை அவை. எழுத்துக் குறியீட்டைச் சரிசெய்ய வியூ மெனுவில் இருக்கும் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' அதற்கு உதவவில்லை. எழுத்துகளை நகலெடுத்துத் திஸ்கி மாற்றியில் ஒட்டினேன். அவருடைய அண்ணன் காரைக்குடியிலிருந்து எழுதிய முதல் மெயில் அப்படியே தமிழில் வந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லாவிலேயே நின்று படித்தார்.